ஆசை குறைந்துவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலோசனைக்கு வருகிறவர்கள் இந்த விஷயத்தை உட்கார்ந்ததும் கேட்பதில்லை. தூக்கம் வரவில்லை, வேலையில் தொல்லை, முதுகு வலி என்று எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடுவார்கள். கதவு வரைக்கும் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொன்று கேட்கணும்" என்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் இதுதான்: உடலுறவில் ஆசை குறைந்துவிட்டது. ஆண்களும் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எங்கே மருத்துவரைப் பார்க்க வேண்டுமோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை தடவைங்கறது நார்மல்? எனக்குக் குறைவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இத்தனை என்று ஓர் எண் கிடையாது. மாதத்துக்கு இரண்டு தடவை போதும் என்று நிம்மதியாக இருக்கும் தம்பதிகள் உண்டு. வாரத்துக்கு மூன்று தடவை இருந்தும் மனம் வாடுகிறவர்களும் உண்டு. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவல்களை அலசினார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வரை, உறவு கூடக் கூட மகிழ்ச்சியும் கூடியிருந்தது. அதற்கு மேல் எண்ணிக்கை ஏறினாலும் மகிழ்ச்சி ஏறவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா? அந்த மாற்றம் உங்களை வருத்துகிறதா? மருத்துவத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆறு மாதமாவது நீடித்து, அந்த நபருக்கே வேதனையாகவும் இருந்தால்தான் அதைக் குறைபாடு என்கிறார்கள். உங்களுக்குக் குறையில்லை, துணைக்குத்தான் குறை என்றால் அது வேறு கேள்வி. அது கீழே வருகிறது.

வயசாகுதுல்ல, அதனாலதானே?

ஒரு பங்கு வயதுதான். ஆண்களுக்கு 30, 40 வயதுக்குப் பிறகு, பாலுணர்வோடு தொடர்புள்ள ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் இறங்குகிறது. பெண்களின் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது, அதுவும் இருபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறைகிறது. ஆனால் இவையெல்லாம் மெதுவான இறக்கம். போன வருடம் இருந்த ஆசை இந்த வருடம் காணாமல் போனால் அதற்கு வயதைக் காரணமாகச் சொல்ல முடியாது. அறுபதைத் தாண்டியும் நெருக்கமாக இருக்கும் தம்பதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கா ஆசை வரவே மாட்டேங்குது. ஆனா ஆரம்பிச்சுட்டா நல்லாத்தான் இருக்கு. இது என்ன மாதிரிப் பிரச்சினை?

இது பிரச்சினையே இல்லை. முதலில் ஆசை தோன்ற வேண்டும், அப்புறம்தான் உடம்பு தயாராகும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2000-ம் ஆண்டு வாக்கில் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் இதை வேறு விதமாக விளக்கினார். பலருக்கு, குறிப்பாக நீண்ட நாள் சேர்ந்து வாழும் பெண்களுக்கு, வரிசை தலைகீழாக இருக்கிறது என்றார். பேச்சும் அணைப்பும் தொடுதலும் முதலில் வரும். உடம்பு இளகும். அதற்குப் பிறகுதான் ஆசை எட்டிப் பார்க்கும். ஆண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு.

இதைக் கேட்டதும் அழுத பெண்கள் இருக்கிறார்கள். பத்து வருடமாகத் தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்ததாக ஒருவர் சொன்னார். தானாகப் பொங்கி வரும் ஆசை மட்டும்தான் ஆசை என்று இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆரம்பிப்பதற்கு உங்களுக்குச் சம்மதம் இருக்க வேண்டும். ஆசை இன்னும் வரவில்லை என்பது ஒன்று, வேண்டாம் என்பது வேறொன்று. வேண்டாம் என்று தோன்றும்போது "ஆரம்பித்தால் வந்துவிடும்" என்று உங்களை நீங்களே தள்ளாதீர்கள், வேறு யாரும் தள்ளவும் கூடாது.

சரி, ஆசை குறையறதுக்கு என்னதான் காரணம்?

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. பாலுணர்வை ஆராயும் அமெரிக்காவின் கின்சி நிறுவனத்தில் ஆய்வு செய்த ஜான் பான்கிராஃப்ட், எரிக் ஜான்சென் இருவரும் 1990-களில் ஒரு கருத்தை வகுத்தார்கள். பாலுணர்வுக்கு மூளையில் இரண்டு வேலை நடக்கிறது: ஒன்று தூண்டுவது, இன்னொன்று தடுப்பது. வண்டியில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனியாக இருப்பது போல.

வண்டி நகரவில்லை என்றதும் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதிக்கிறார்கள். புது மாத்திரை, புது எண்ணெய், புது உடை. பிரேக்கில் கால் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தூக்கமின்மை, கடன் கவலை, உறவின்போது வலி, துணை மேல் ஆறாத கோபம், உடம்பைப் பற்றிய கூச்சம், கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற பயம், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழித்துவிடுமோ என்ற பதற்றம், சாப்பிடும் மாத்திரை, கண்டுபிடிக்காத தைராய்டு. இவை அத்தனையும் பிரேக். இயற்கையான வழி என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால், காலை பிரேக்கிலிருந்து எடுப்பதுதான் இருப்பதிலேயே இயற்கையானது. உங்களுக்கு எது பிரேக் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று, நான்கு தாராளமாக வரும்.

தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் ஊறுகிறது. 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். பகலில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கியிருந்தது. மேலே சொன்ன வருடத்துக்கு 1 சதவீதக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருட வயது இறக்கத்துக்குச் சமமானது ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

ஹார்மோனை விட்டுத் தள்ளினாலும், அடித்துப் போட்ட மாதிரி படுக்கும் உடம்பில் ஆசைக்கு எங்கே இடம்? 7 மணி நேரமாவது தூங்குங்கள். இரவில் போனை வேறு அறையில் வையுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிகிறவர்கள் என்றால் அது தூக்கத்தில் வரும் மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கின்றன. இதைப் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் முதலில் கவனிப்பார்.

உடற்பயிற்சி செஞ்சா ஆசை கூடுமா?

கூடும். ரத்த ஓட்டம், மனநிலை, தூக்கம், உடம்பின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை எல்லாம் ஒரே சமயத்தில் மாறுகிறதே. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை அல்லது அதற்கு ஈடான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவே இதற்கும் போதும். மனச்சோர்வு மாத்திரையால் நாட்டம் குறைந்துபோன 52 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், உறவுக்குச் சற்று முன்னால் 30 நிமிடம் பயிற்சி செய்தபோது ஆசை கூடியது. நாடித் துடிப்பு ஏறியிருக்கும் உடம்பு சீக்கிரம் விழித்துக்கொள்கிறது.

அளவுக்கு மீறினால் இதுவே எதிராகத் திரும்பும். நீண்ட தூர ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் கடுமையாகத் தயாராகிறவர்களுக்கு ஆசை குறைவது தெரிந்த விஷயம். உடம்பு அங்கே பிழைப்பதற்கே சக்தியைச் சேமிக்கிறது.

என்ன சாப்பிட்டா ஆசை வரும்?

சாப்பிட்ட ராத்திரியே ஆசையைக் கிளப்பும் உணவு என்று ஒன்றும் கிடையாது. இதயத்துக்கு எது நல்லதோ அதுதான் இதற்கும் நல்லது: காய்கறி, பழம், பருப்பு, கொட்டைகள், மீன், குறைவான சர்க்கரை. காரணம் எளிது. பிறப்புறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மெலிதானவை, கொழுப்பும் சர்க்கரையும் அவற்றைத்தான் முதலில் பதம் பார்க்கும். அதிக எடை இருந்தால், கொஞ்சம் குறைத்தாலே ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அதைச் சரி செய்ததும் சோர்வு விலகும், பின்னாலேயே நாட்டமும் திரும்பலாம்.

எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். 1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு கொடுத்து ஆய்வு செய்தார்கள். போர்க்காலப் பஞ்சத்தில் சிக்கியவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்தது அது. அந்த இளைஞர்கள் பகலிலும் கனவிலும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். பாலுணர்வு ஏறக்குறைய அணைந்தே போனது. பசியில் இருக்கும் உடம்பு இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடும். கடுமையான டயட்டில் இருந்துகொண்டு ஆசை வரவில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் தட்டைப் பார்க்க வேண்டும்.

அஸ்வகந்தா, நெருஞ்சி, ஜின்செங் இதெல்லாம் எடுக்கலாமா? இயற்கைதானே, பக்க விளைவு இருக்காதே?

ஒருவர் பை நிறையக் கொண்டுவந்து மேசை மேல் வரிசையாக அடுக்கினார். ஏழு புட்டிகள். ஆறில் லேபிள் இருந்தது. ஏழாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் பழுப்பு நிறக் கேப்சூல்கள். "இதுதான் வேலை செய்யுது" என்று அந்த ஏழாவதைக் காட்டினார். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

அஸ்வகந்தா எனும் அமுக்கராவுக்குச் சில சிறிய ஆய்வுகள் ஆதரவாக இருக்கின்றன, முக்கியமாக மன அழுத்தத்தைக் குறைப்பதில். ஆனால் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், தைராய்டு அளவை ஏற்றிவிடும், கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. வெந்தயச் சாறுக்கும் மாகா கிழங்குக்கும் நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள் இருந்தாலும் உறுதியாகச் சொல்லப் போதாது. நெருஞ்சி டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று விற்கிறார்கள், மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அப்படி ஏறவில்லை. ஜின்செங் விறைப்புக்கு லேசாக உதவலாம். யோகிம்பே பட்டை ரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் ஏற்றும், அதைத் தொடாதீர்கள். துத்தநாகம், வைட்டமின் டி இரண்டும் உடம்பில் குறைவாக இருந்தால்தான் பலன் தரும்.

பெரிய ஆபத்து வேறு. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 776 சப்ளிமென்ட்களில் சொல்லாமல் கலந்த மருந்துகளைக் கண்டுபிடித்தது. அவற்றில் 353 பாலுணர்வுக்காக விற்கப்பட்டவை. அவற்றில் அதிகம் கலந்திருந்தது வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில். "இயற்கை" கேப்சூல் ஒரு மணி நேரத்தில் அபாரமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் தெரியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அடியோடு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஏழாவது புட்டிக்காரருக்கு ஏற்கெனவே இதய மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே மருத்துவரைப் பார்க்க வைத்தேன்.

ஒரு பெக் போட்டாத்தான் மூடு வருது. அது தப்பா?

குறைந்த அளவு மது கூச்சத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். பிரேக்கைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கிறது, எடுப்பதில்லை. அளவு ஏறினால் உணர்ச்சியும் விறைப்பும் மங்கும். தொடர்ந்து குடித்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், தூக்கம் கெடும். குடிக்காமல் நெருங்கவே முடியவில்லை என்றால், என்ன கூச்சம், எதற்குப் பயம் என்று பார்ப்பதுதான் வழி. சிகரெட்டும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். விறைப்புக் குறைவுக்காக வருகிறவர்களிடம் முதலில் விடச் சொல்வது அதைத்தான்.

நான் சாப்பிடற மாத்திரையால இருக்குமா?

இருக்கலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ரலின், பராக்ஸெடின், எஸ்சிடலோப்ராம் போன்றவை நாட்டத்தையும் உச்சக்கட்டத்தையும் பாதிப்பது சகஜம். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைட், ரிஸ்பெரிடோன் போன்ற சில மனநல மருந்துகள், நீண்ட நாள் எடுக்கும் ஓபியாய்டு வலி நிவாரணிகள், ரத்த அழுத்தத்துக்கும் நீர்க்கோவைக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஹார்மோன் கருத்தடை மாத்திரை பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை, சிலருக்கு மட்டும் ஆசையைக் குறைக்கிறது.

தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். அந்த நோயே ஆசையைக் குறைக்கக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், புப்ரோபியான் போல இந்தப் பக்க விளைவு குறைவான மருந்துக்கு மாற்றலாம்.

பிரசவம் ஆகி எட்டு மாசம் ஆச்சு. கிட்ட வந்தாலே எரிச்சலா இருக்கு. எனக்கு என்ன ஆச்சு?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் கொடுக்கும்போது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்ந்து, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும். அதனால் ஆசை குறையும், பிறப்புறுப்பும் வறண்டு வலிக்கும். தையல் போட்ட இடம் இன்னும் நோகலாம். தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது. நாள் முழுக்க ஒரு குழந்தை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, ராத்திரி இன்னொரு கை வந்து தொடும்போது "என்னை விட்டுடுங்களேன்" என்று கத்தத் தோன்றும் என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் காலத்தில் ஆசையைத் தூண்டும் ஒரே செயல், நடு ராத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு அவரைத் தூங்க விடுவது. அழுகை, எதிலும் ஒட்டாமை, குழந்தை மேலும் பற்று வராமை இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் வலிக்குது. அதனாலயே ஆசை போயிடுச்சு. இனிமே இப்படித்தானா?

இல்லவே இல்லை. வலிதான் இருப்பதிலேயே பெரிய பிரேக். நெருப்பில் சுட்ட கை மறுபடி அடுப்புப் பக்கம் போகாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் அங்கே தோல் மெலிந்து வறண்டிருக்கும். உறவின்போது லூப்ரிகன்ட் ஜெல் போடுங்கள், நிறையவே போடுங்கள். இது தவிர, வாரத்துக்குச் சில தடவை பயன்படுத்தும் ஈரப்பதக் கிரீம்களும் கிடைக்கின்றன. ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் வகை வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும்.

இவை போதவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் நல்ல பலன் தரும். மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம் கண்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இள வயதுப் பெண்களுக்கும் உறவில் வலி இருந்தால் "போகப் போகச் சரியாகும்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். வலிக்குக் காரணம் உண்டு, சிகிச்சையும் உண்டு.

சுய இன்பத்தால சக்தி போய்தான் இப்படி ஆயிடுச்சா?

இல்லை. சுய இன்பத்தால் சக்தி குறையாது, நரம்பு தளராது, ஆண்மை போகாது. விந்து தினமும் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது, சேமித்துவைக்கும் பொருள் இல்லை. இந்தப் பயத்தால் தூக்கம் கெட்டுக் குற்ற உணர்வில் தவிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனது கனக்கிறது. அவர்களுடைய ஆசையைக் குறைப்பது அந்தக் குற்ற உணர்வுதான்.

ஆபாசப் படம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. திரை இல்லாமல் கிளர்ச்சி வருவதில்லை, துணையோடு இருக்கும்போது மனது வேறெங்கோ இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால், சில வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதுவே பதில்.

டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுத்துட்டு ஊசி போட்டுக்கலாமா?

அறிகுறி இருந்தால் டெஸ்ட் எடுக்கலாம். காலையில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் அளவு உச்சத்தில் இருக்கும். ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பதைக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே குறைவு என்றால் சிகிச்சை நல்ல பலன் தரும். அளவு சரியாக இருக்கும்போது ஊசி போட்டால் ஆசை பெருகிவிடாது.

குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விந்தணு உற்பத்தி குறையும், சிலருக்கு நின்றே போகும். ஜிம்மில் யாரோ கொடுத்தார் என்று போட்டுக்கொண்டு பிறகு தவித்தவர்கள் இருக்கிறார்கள்.

வயாக்ரா போட்டா ஆசை வருமா?

வராது. 1998-ல் வந்த அந்த மாத்திரை ரத்த ஓட்டத்தைத்தான் கூட்டுகிறது. மனதில் கிளர்ச்சி இருந்தால்தான் அதுவும் வேலை செய்யும். விறைப்பு வருமோ வராதோ என்ற பயத்தால் ஆசையைத் தவிர்த்து வந்தவர்களுக்கு அந்தப் பயம் போவதால் மறைமுகமாக உதவலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விறைப்புக் குறைவு சில வருடம் கழித்து வரப்போகும் இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மேலே மெலிதான ரத்தக் குழாய்கள் என்று சொன்னேனே, அதே காரணம். ரகசியமாக மாத்திரை வாங்கிச் சமாளிப்பதற்கு முன், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள்.

எனக்கு ஆசை இருக்கு, அவளுக்கு இல்ல. தினம் சண்டை. என்ன பண்றது?

இருவருக்கும் ஒரே அளவு ஆசை இருக்கும் தம்பதிகள் அபூர்வம். வித்தியாசம் இருப்பதால் யாரும் கெட்டுப்போவதில்லை, அதைச் சுற்றி உருவாகும் ஆட்டம்தான் கெடுக்கிறது. ஒருவர் கேட்பார், மற்றவர் மறுப்பார். கேட்டவருக்கு அவமானம், மறுத்தவருக்குக் குற்ற உணர்வு. ஒரு பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாத்திரம் தேய்க்கும்போது பின்னாடி வந்து தோள்ல கை வெப்பாரு. முன்னாடி அது எனக்குப் பிடிக்கும். இப்போ கை பட்டதும் உடம்பு கல்லாயிடுது. அந்தக் கை எதுக்கு வருதுன்னு தெரியுமே." அந்தப் பெண் அணைப்பதையே நிறுத்தியிருந்தார், அணைத்தால் அது சம்மதமாகிவிடுமோ என்ற பயத்தில். கணவரோ "இப்பல்லாம் கட்டிப்பிடிக்கக்கூட மாட்டேங்கறா" என்று வேறொரு நாள் தனியாக வந்து அழுதார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான்.

இதற்கு அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் வெளியிட்ட ஒரு பயிற்சி இன்றும் பயன்படுகிறது. முதல் சில வாரங்களுக்கு உறவே கூடாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மார்பகமும் பிறப்புறுப்பும் தொடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, கால் மணி நேரம் ஒருவர் மற்றவரின் கை, முதுகு, முகம், பாதம் என்று தொடுவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். கிளர்ச்சி வரவைப்பது நோக்கமே இல்லை. சூடு, சொரசொரப்பு, அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கவனித்தால் போதும். சில வாரம் கழித்துத்தான் அடுத்த கட்டம். இது ஏன் வேலை செய்கிறது? தொட்டால் அது எங்கேயும் போய் முடியாது என்று தெரிந்ததும் கல்லான உடம்பு தளர்கிறது. அந்தத் தம்பதி மூன்றாவது வாரம் விதியை மீறிவிட்டதாக வெட்கத்தோடு சொன்னார்கள். ஆரம்பித்தது அவர் இல்லை, மனைவி.

நாள் குறிச்சு வெச்சுக்கறது செயற்கையா இருக்காதா?

எதைக் குறிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. "சனிக்கிழமை உறவு" என்று குறித்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். குழந்தைக்காக நாள் கணக்குப் பார்த்துச் சேருகிறவர்களைக் கேளுங்கள், ஆசை எப்படி வற்றிப்போனது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 64 தம்பதிகளை வைத்து மூன்று மாதம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரை உறவை இரண்டு மடங்காக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை கூடியது, மகிழ்ச்சி கூடவில்லை, ஆசை இன்னும் கொஞ்சம் குறைந்தது.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் நாம் இருவர் மட்டும், போன் இல்லாமல்" என்று குறித்தால் அது வேறு. அந்த நேரத்தில் உறவு நடக்கலாம், பேசிக்கொண்டே தூங்கியும் போகலாம். மூன்றாவது கேள்வியில் சொன்ன வகை ஆசைக்கு இப்படி ஒரு இடம் அவசியம். அது தானாக வந்து கதவைத் தட்டாது.

அவர் மேல கோபமா இருக்கு. கோபம் இருந்தா ஆசை வராதா?

சிலருக்கு வரும், பலருக்கு வராது. வீட்டு வேலை முழுவதையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, நாலு பேர் எதிரில் மட்டம்தட்டிவிட்டு, ராத்திரி மட்டும் ஆசையை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்? இங்கே சப்ளிமென்ட் எதுவும் உதவாது. பேசித்தான் ஆக வேண்டும். படுக்கையில் பேசாதீர்கள், நடந்துகொண்டே பேசுங்கள், முகம் பார்க்காமல் பேசும்போது சிலதைச் சொல்வது எளிது.

மறுத்தால் அடி, மிரட்டல், பலவந்தம் என்றால் அது ஆசைக் குறைவு பற்றிய விஷயமே இல்லை. அங்கே உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி மையத்தை நாடுங்கள்.

எனக்கு யார் மேலயும் எப்பவுமே ஆசை வந்ததில்ல. இதைச் சரி பண்ண முடியுமா?

எப்போதுமே இப்படித்தான், அதில் உங்களுக்கு வருத்தமும் இல்லை என்றால் சரி பண்ண ஒன்றுமில்லை. பாலீர்ப்பு இல்லாமலே நிறைவாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நோய் இல்லை. கல்யாணம் பேசும் நிலையில் இருந்தால் எதிரே இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. உங்களுக்கே வேதனையாக இருந்தாலோ, பருவ வயது மாற்றங்களே சரியாக வராமல் இருந்தாலோ ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு நாள் முயற்சி பண்ணலாம்? எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

தூக்கத்தைச் சரி செய்தால் சில வாரங்களிலேயே தெரியும். உடற்பயிற்சிக்கும் எடைக்கும் இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், உங்கள் தாளில் எழுதியதில் எது பெரிய பிரேக்கோ அதில் ஆரம்பியுங்கள். மூன்று மாதம் போயும் அசைவில்லை என்றால் பொது மருத்துவரிடம் போய் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, தேவைப்பட்டால் புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாதவை சில. ஆசை திடீரென்று போய், கூடவே விடாத தலைவலி, பார்வை மங்கல், பால் கொடுக்காதபோதும் காம்பில் பால் கசிவது இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி கேளுங்கள்.

டாக்டர்கிட்ட இதை எப்படி ஆரம்பிக்கறது? வாயே வர மாட்டேங்குது.

உட்கார்ந்ததும் சொல்லுங்கள், கதவுப் பக்கம் போகும் வரை காத்திருக்காதீர்கள், அப்போது அவருக்கும் நேரம் இருக்காது. வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் மேசை மேல் வையுங்கள். இவ்வளவு போதும்: "ஆறு மாதமாக எனக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருக்கிறது. முன்பு இப்படி இல்லை. நான் சாப்பிடும் மாத்திரைகள் இவை." அதன் கீழே, லேபிள் இல்லாத கேப்சூல் இருந்தால் அதையும் சேர்த்து, எல்லா மாத்திரைகளையும் எழுதிவிடுங்கள்.